எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

1940இல் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரெபெக்கா' படத்தில் பேய் கிடையாது. ரெபெக்கா என்பவள் படம் தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவள். அவள் முகம் ஒரு காட்சியில்கூட வருவதில்லை, புகைப்படமாகவும் வருவதில்லை. அவள் பெயரின் முதல் எழுத்தைத் தாங்கிய முகவரிப் புத்தகம், அதே எழுத்தைப் பூவேலையாகத் தைத்த தலையணை உறை, அவள் உட்கார்ந்து கடிதம் எழுதிய மேசை, அவளுடைய அறையை அப்படியே துடைத்துப் பாதுகாக்கும் ஒரு வீட்டுக் காரியக்காரி, இவ்வளவுதான் அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பவை. அந்த வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக வரும் இளம்பெண்ணுக்கோ படம் முழுவதும் பெயரே சொல்லப்படுவதில்லை. இறந்தவளுக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. வாழ வந்தவளுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. எண்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு படத்தை இன்றைக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வைப்பதற்கு இந்த ஒரு ஏற்பாடே போதுமானதாக இருக்கிறது.

இந்த வகைப் படங்களைக் காதிக் என்கிறார்கள். அதன் மூலம் ஆங்கில நாவலில் இருக்கிறது. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'யில், தாத்தா செய்த கொலையாலும் அபகரிப்பாலும் கிடைத்த கோட்டையில் பேரன் ஆள்கிறான். அந்தப் பழைய பாவம் அவன் பிள்ளைகளின் தலையில் வந்து விடிகிறது. அங்கே தொடங்கிய கதையைத்தான் சினிமா இருபதாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. பெரிய வீடு, அதில் பூட்டிய ஓர் அறை, சாவியை இடுப்பில் வைத்திருக்கும் ஒருவர், எதுவும் தெரியாமல் வெளியிலிருந்து வந்து சேரும் ஒருவர். இவை நான்கும் இருந்தால் கதை நகர்ந்துவிடும். பேய் வந்தால் வரலாம், வராமலும் இருக்கலாம்.

எனக்கு இந்தப் படங்கள் மீது பற்று ஏற்பட்ட காலம் தொலைக்காட்சிப் பெட்டி ஊரில் ஒரு சில வீடுகளில் மட்டும் இருந்த காலம். இராமநாதபுரம் கடற்கரையில் ஆன்டெனாவை உயரமான கம்பத்தில் கட்டிக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி ஓரளவு தெளிவாகவே கிடைக்கும். காற்று மாறினால் படத்தில் புள்ளி விழும், குரல் போய்விடும். அப்படிப் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் பார்த்த பழைய ஆங்கிலப் படங்களில் பேச்சு புரியாமல் போனதால், நான் பார்த்ததெல்லாம் முகங்களையும் கதவுகளையும்தான். யாரோ ஒருத்தி கையில் விளக்குடன் மாடிப்படி ஏறுகிறாள். மேலே இருக்கும் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. மொழி தெரியாத வயதிலேயே அந்தச் சூழ்நிலை எனக்கு முழுக்கப் புரிந்தது. பிற்பாடு இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்ததற்கு அந்தப் புரிதல்தான் காரணம்.

என் எண்ணம் இதுதான். இந்தப் படங்களில் நம்மை நடுங்க வைப்பது இருட்டில் இருக்கும் உருவத்தை விடவும், வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வாய் திறக்காமல் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். அந்தப் பயம் பழசாவதில்லை. முகமூடியும் ஒப்பனையும் பத்து வருடத்தில் சிரிப்பை வரவழைக்கத் தொடங்கிவிடும். 'அதைப் பற்றிப் பேசாதே' என்று சொல்லும் ஒரு பெரியம்மாவின் பார்வை எந்தக் காலத்திலும் சிரிப்பை வரவழைக்காது.

'ரெபெக்கா'வின் காரியக்காரியான டான்வர்ஸ் அம்மாளைப் பற்றி ஹிட்ச்காக் ஒரு நுட்பத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் நடந்து வருவதைக் கூடிய மட்டும் அவர் காட்டவில்லை. கதாநாயகி திரும்பிப் பார்க்கும்போது அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பாள், அசையாமல். ஜூடித் ஆண்டர்சன் அந்த வேடத்தில் கண்ணிமைப்பதுகூட அபூர்வம். ஒரு வீட்டில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு அந்த வீட்டின் மீது இருக்கும் உரிமையை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது. புதிதாக வந்தவள்தான் எப்போதும் நடந்துகொண்டும், தடுமாறிக்கொண்டும், தவறான கதவைத் திறந்துகொண்டும் இருக்கிறாள்.

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டிலில் யார் படுத்திருந்து இறந்தார்கள், எந்தப் பெயரை மாமனார் முன்னால் சொல்லக் கூடாது, எந்தச் சித்தப்பா வீட்டிலிருந்து பத்திரிகை வந்தாலும் பிரிக்காமல் வைத்துவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பெயரைச் சொன்ன பிறகு விழும் மௌனத்திலிருந்துதான் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் கரையோரத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. கீழக்கரையில் மணமான பெண் தாய்வீட்டிலோ, அவளுக்கெனக் கொடுக்கப்பட்ட வீட்டிலோ இருக்க, மாப்பிள்ளை அங்கு வந்து சேருவது நெடுங்கால வழக்கம். அந்த வீடுகளில் சாவிக்கொத்து பெண்களிடம் இருக்கும். விவரம் தெரியாமல் முற்றத்தில் நிற்கிறவர் மாப்பிள்ளை. கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போன ஆண்கள் வருடக்கணக்கில் வராமல் இருக்க, வீட்டின் முழு வரலாறும் பெண்கள் கைக்குள் இருந்த அந்தப் பழைய மாளிகைகளை வைத்து எவரும் ஒரு நல்ல காதிக் படம் எடுக்கவில்லையே என்று எனக்கு நெடுநாளாகவே ஆதங்கம் உண்டு. அப்படி ஒரு படம் வந்தால் அது ஆங்கிலப் படங்களின் நகலாக இருக்காது.

கடலோரத்தில் பிறந்தவள் என்பதால் 1944இல் வந்த 'தி அன்இன்வைட்டட்' படத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம். அண்ணனும் தங்கையும் விடுமுறைக்கு வந்த இடத்தில், செங்குத்தான பாறை மேல் கடலைப் பார்த்து நிற்கும் காலி வீடு ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்குகிறார்கள். விற்கும் கிழவருக்கு ஒரு பேத்தி. அந்தப் பெண்ணின் அம்மா அந்தப் பாறையிலிருந்து விழுந்து இறந்தவள். அதனால் பேத்தி அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்பது கிழவரின் கட்டளை. அவளுக்கோ அந்த வீடுதான் அம்மா. விடிவதற்கு முன் வீட்டில் ஒரு பெண் விம்மி விம்மி அழும் சத்தம் கேட்கிறது. நாய் மாடிப்படி ஏற மறுக்கிறது. ஓர் அறையில் வைத்த பூ வாடிப்போகிறது. சில வேளைகளில் மிமோசாப் பூவின் மணம் எங்கிருந்தோ வந்து நிறைகிறது. நம் ஊர் வேலம்பூவுக்கு உறவான மஞ்சள் பூதான் அது. உடைமரக் காடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மணத்தைக் கற்பனை செய்துகொள்வது சிரமமாக இருக்கவில்லை.

கதையின் முடிச்சை இங்கே அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். படம் வந்து எண்பது ஆண்டு கடந்துவிட்டதால் அதில் தவறில்லை என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் இரண்டு ஆவிகள் இருக்கின்றன. ஊரெல்லாம் உத்தமி என்று கொண்டாடிய பெண், பேத்திக்கு அம்மா என்று படம் மாட்டிக் காட்டப்பட்ட பெண், உண்மையில் அவளைப் பெற்றவள் இல்லை. அவளுக்கு ஆபத்தாக இருப்பதும் அந்த ஆவிதான். அழுதுகொண்டிருப்பவள்தான் பெற்ற தாய்; குடும்பத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாதவள் என்று பெயரோடு அழிக்கப்பட்ட ஒரு ஸ்பானியப் பெண். இந்த உண்மை சொல்லப்பட்டதும் அழுகை நின்றுவிடுகிறது. மந்திரவாதியும் வரவில்லை, வேப்பிலையும் அடிக்கவில்லை. 'உன் அம்மா இவள்' என்ற ஒரு வாக்கியம் பிள்ளையின் காதில் விழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேய்ப்படத்தில் இவ்வளவு இதமான ஒரு தீர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் படங்களில் வீடும் ஒரு பாத்திரம் என்று எல்லோரும் எழுதுவார்கள். 1960இல் ரோஜர் கார்மன் 'ஹவுஸ் ஆஃப் அஷர்' எடுக்கப் போனபோது, இதில் அரக்கன் எங்கே என்று தயாரிப்பாளர் தரப்பில் கேட்டதாகவும், வீடுதான் அரக்கன் என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. சுமார் 15 நாட்களில், குறைந்த செலவில் எடுத்த வண்ணப்படம் அது. எட்கர் ஆலன் போவின் கதையில் வருவது போலவே சுவரில் ஒரு விரிசல் ஓடுகிறது. வம்சத்தின் கடைசி வாரிசுகளோடு வீடும் சரிந்து விழுகிறது. அந்த வாரிசாக நடித்த வின்சென்ட் பிரைஸ் தன் முன்னோர்களின் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இவர் திருடர், இவர் கொலைகாரர் என்று சொல்லிக்கொண்டே போகும் காட்சி அதில் இருக்கிறது. முன்னோர்களைப் பற்றி உண்மையை மட்டும் பேசும் ஒரு வாரிசைப் பார்க்கும்போது ஏற்படும் அதிர்ச்சி, பின்னால் வரும் சவப்பெட்டிக் காட்சியில்கூட எனக்கு ஏற்படவில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விரிசல் புதிதல்ல. கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டிய சுவர்கள் அவை. இன்று அந்தக் கல்லைத் தொடக்கூட முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். பழைய சுவரில் கை வைத்தால் முதலில் ஈரம் தெரியும். பிறகு உவர் பூத்த வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். வெள்ளையடித்த பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பி, நகத்தால் தட்டினாலே மாவாக உதிரும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுரண்டி, சிமென்ட் வைத்துப் பூசி, புதுச் சுண்ணாம்பு அடித்தால் ஒரு மழைக்காலம் வரை சுவர் நன்றாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் அதே இடத்தில் அதே வடிவத்தில் உப்பு வெளியே வரும். பூச்சில் குறை இல்லை, உப்பு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. குடும்பங்கள் ரகசியத்தைப் பூசி மெழுகுவதும் இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் இடிந்த சுவர் இருந்துவிட்டால் மட்டும் அது காதிக் ஆகிவிடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, 'பேய் நகரம்' என்று தலைப்பிட்டுப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் அடித்துச் செல்லப்பட்டது. அதன் பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அந்த ஊரை அறிவித்தது. இதில் மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. யாருடைய பாவமும் அங்கே பழிவாங்க வரவில்லை. அங்கே நடந்தது எல்லோரும் அறிந்த துயரம்; இறந்தவர்களின் உறவினர்கள் இராமேசுவரம் தீவிலேயே இன்னும் இருக்கிறார்கள். திகில் என்பது ஆள் வாழும் வீட்டில்தான் இருக்க முடியும். சோறு வெந்துகொண்டிருக்கும் வீட்டில், விருந்தாளியை வாங்க வாங்க என்று அழைக்கும் வீட்டில், ஓர் அறைக்கு மட்டும் யாரும் போவதில்லை என்ற நிலைமையில்தான் அது இருக்கிறது.

என் சொந்த வீட்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். தாத்தா பெயரில் இருந்த பனங்காட்டைப் பாகம் பிரிக்க வேண்டி வந்தபோது மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் எடுத்தோம். அதில் வடக்கு ஓரத்துத் துண்டு நிலம் ஒன்று, பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. நகல் எடுத்துப் படித்தோம். பத்திரங்களில் ஒரு பெண்ணின் பெயரை எழுதும்போது இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று எழுதுவார்கள். இதில் வெறும் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. 'உன் பேரில் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு' என்ற வழக்கமான வாசகம் இருந்தது. கீழே தாத்தாவின் கையெழுத்து. சாட்சிகள் இருவரில், இரண்டாவதாக ஓர் இடதுகைப் பெருவிரல் ரேகை. அதன் பக்கத்தில், பத்திர எழுத்தரின் கையால், என் அப்பத்தாவின் பெயர். அந்த ரேகையின் மை சற்று அதிகமாகி, வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து, நடுவில் மட்டும் ஒரு சுழி தெளிவாக இருந்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரை நாங்கள் ஒரு முறையும் கேட்டதில்லை. அத்தையிடம் நகலைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மடித்துத் திரும்பக் கொடுத்தார். "முடிஞ்ச கதை. இப்ப எதுக்குத்தா அதப் போயிக் கிண்டுற?" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் கோபப்படவில்லை. முகம்கூட மாறவில்லை. பேசாமல் இருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லித் தந்தவள் அந்த ரேகையை வைத்த அப்பத்தாவாகத்தான் இருக்க வேண்டும். காதிக் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த முகத்தைத்தான். ஹாலிவுட் நடிகைகளிடமும் அதே முகத்தைப் பார்க்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தமிழில் இந்த வகைக்குச் சிறந்த சான்று 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை'. முற்பிறவிக் கதை என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். முற்பிறவி என்பது அங்கே ஒரு வழி மட்டுமே. அதன் வழியாக வெளியே வருவது ஒரு ஜமீன் குடும்பத்தின் குற்றம். தன் மகன் ஓர் எளிய வீட்டுப் பெண்ணைக் காதலித்ததைப் பொறுக்காத ஜமீன்தாராக எம்.என். நம்பியார் வருகிறார். அந்த ஜமீன்தார் நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் இருக்கிறார் என்பதுதான் படத்தின் உச்சமான கற்பனை. ஆங்கிலக் காதிக் கதைகளில் இறந்தவர்கள் திரும்பி வருகிறார்கள். இங்கே கொன்றவர் போகாமலே இருக்கிறார். வெறுப்பினால் மட்டுமே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவர், சாதியும் அந்தஸ்தும் எத்தனை தலைமுறை நீடிக்கின்றன என்பதை உருவமாகக் காட்டுகிறார். அந்த ஒப்பனையில் நம்பியாரைப் பார்ப்பது இன்றைக்கும் நடுக்கம் தருகிறது. விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசையில் வரும் அந்தத் தலைப்புப் பாடலைத் தனியாகக் கேட்டுப் பழகிவிட்டவர்கள், படத்தில் அது வரும் இடத்தில் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில் இயக்குநராகி, வைக்கம் முகம்மது பஷீரின் கதையை அவரே திரைக்கதை எழுத, 'பார்கவி நிலையம்' எடுத்தார். ஆளில்லாத பழைய வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் குடிவருகிறார். அங்கே இறந்த பெண் தற்கொலை செய்துகொண்டவள் என்று ஊர் சொல்கிறது. அவர் அந்தப் பெண்ணைக் கண்டு ஓடவில்லை. அவளோடு பேசத் தொடங்குகிறார், அவள் கதையை எழுதத் தொடங்குகிறார். எழுத எழுத, அது தற்கொலை இல்லை, உறவுக்காரன் ஒருவன் செய்த கொலை என்பது வெளியே வருகிறது. பேயை விரட்டுவதற்குப் பதில் அதன் தரப்பைக் கேட்கும் இந்தப் படம், இந்திய மொழிகளில் இந்த வகையின் மிக உயர்ந்த இடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். இதற்கெல்லாம் முன்னோடியாக இந்தியில் 1949இல் கமால் அம்ரோஹியின் 'மஹல்' வந்துவிட்டது. அதை ஒளிப்பதிவு செய்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த யோசஃப் விர்ஷிங். இருளையும் நிழலையும் கொண்டே கதை சொன்னது ஜெர்மன் மௌனப்பட மரபு; அந்த நிழல்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஜெயலலிதாவும் ஜெய்சங்கரும் நடித்து 1966இல் வந்த 'யார் நீ', இந்திப் படமான 'வோ கௌன் தீ'யின் தமிழ் வடிவம். வெள்ளைப் புடவை, மழை, பாட்டு எல்லாம் இருந்தும் கடைசியில் வெளிப்படுவது சொத்துக்காக உறவினன் போட்ட திட்டம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'நடு இரவில்' படமும் அப்படித்தான்: தீவில் தனித்திருக்கும் ஒரு பணக்காரரின் வீடு, அவர் அழைப்பின் பேரில் வந்து சேரும் உறவுக்கூட்டம், பிறகு ஒவ்வொரு சாவாக. இரண்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்துக்காகச் செய்யும் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதும் தீர்ந்துவிடுகிறது. மானத்துக்காகச் செய்யும் குற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் வீட்டை விட்டுப் போவதில்லை.

ஒரு குற்றச்சாட்டும் எனக்கு இந்தப் படங்கள் மீது உண்டு. மறைக்கப்பட்ட மனிதர்களை இவை பல வேளைகளில் அரக்கர்களாக்கிவிடுகின்றன. 1932இல் ஜேம்ஸ் வேல் எடுத்த 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' படத்தில், மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்ட மூத்த சகோதரன் வெளியே வந்ததும் வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறான். ஆர்சன் வெல்ஸ் நடித்த 'ஜேன் அயர்' படத்தில் பரணில் அடைக்கப்பட்ட மனைவிக்கு மனநிலை சரியில்லை. அவளுக்கு முகம்கூடக் கொடுக்காமல் ஒரு கூச்சலாக மட்டுமே அவளைக் காட்டிவிடுகிறார்கள். அந்தக் காட்சிகளை என்னால் ரசிகையாக மட்டும் இருந்து பார்க்க முடிவதில்லை. மனநலம் வேண்டி நேர்ந்துகொண்டு வருகிறவர்களின் தர்கா இருக்கும் ஏர்வாடி எங்கள் கடற்கரையில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. இறந்தவர்களில் பலர் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். வறுமையும், வைத்தியம் கிடைக்காததும், நேர்ச்சையின் மீதிருந்த நம்பிக்கையும் காரணமாக இருந்தன. வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராதே என்ற அச்சமும் இருந்தது. காதிக் படங்களில் கடைசியில் வீடு எரிந்து எல்லாம் தூய்மையாகிவிடுகிறது. ரெபெக்காவின் வீடும் எரிகிறது, அஷர் வீடும் எரிகிறது. ஏர்வாடியில் எரிந்தவர்கள் மறைக்கப்பட்டவர்கள். மறைத்தவர்களின் வீடுகள் அப்படியே இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பரணில் இருப்பவளின் பக்கம் நம் மனம் தானாகச் சாய்ந்துவிடும். அப்படிப் பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் நின்று எடுத்த படம் ஒன்று உண்டென்றால் அது 1944இன் 'காஸ்லைட்'. இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் விருது வாங்கித் தந்த படம். அத்தை கொலையுண்ட வீட்டுக்கே மனைவியாகத் திரும்பி வரும் பெண், மாலையில் கணவன் வெளியே போனதும் அறையின் காஸ் விளக்கு மங்குவதையும் மேலே காலடி ஓசை கேட்பதையும் கவனிக்கிறாள். ஒரே குழாயிலிருந்து வரும் வாயு என்பதால், வேறோர் அறையில் விளக்கு ஏற்றினால் இங்கே சுடர் தாழும். பூட்டிய மாடியில் யாரோ விளக்கேற்றுகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வெளியே போவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறி, கொலையுண்டவளின் நகைகளைத் தேடிக்கொண்டிருப்பவன் அவள் கணவனேதான். அவனோ அவளுக்கு மறதி என்றும், சித்தம் கலங்கிவிட்டது என்றும் அவளையே நம்ப வைக்கிறான். அவள் கண்ணால் கண்டது உண்மை என்று வெளியாள் ஒருவர் சொல்லும் நிமிடத்தில் பெர்க்மனின் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். 'உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ரகசியத்தைப் பற்றிய படமே ரகசியம் காக்க வேண்டி வந்த விந்தையும் இந்த வரலாற்றில் இருக்கிறது. டாஃப்னி டு மோரியேயின் நாவலில் கணவன் ரெபெக்காவைச் சுட்டுக் கொல்கிறான். கொலை செய்தவன் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் படத்தில் அவள் தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். விபத்து என்று சொல்லிவிடுகிறார்கள். எத்தனை குடும்பங்களில் எத்தனை சாவுகள் இதே சொல்லால் முடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணும்போது, அந்த மாற்றத்தால் படம் கெட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கணவனாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர் அந்த விபத்தை விவரிக்கும் குரலில் கொலையும் கேட்கிறது.

இவற்றைப் புதிதாகப் பார்க்க விரும்பும் என் தங்கை பிள்ளைகளிடம் 'தி அன்இன்வைட்டட்' படத்தில் தொடங்கி, 'ரெபெக்கா', 'நெஞ்சம் மறப்பதில்லை', 'பார்கவி நிலையம்' என்று போகச் சொல்லியிருக்கிறேன். 1961இல் ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னொசென்ட்ஸ்' கடைசியாக இருக்கட்டும். பெற்றோர் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை, அந்த வீட்டில் முன்பு வேலை செய்து இறந்த இருவரின் உருவங்களைக் காண்கிறாள். குழந்தைகளுக்கும் தெரியும் என்கிறாள். குழந்தைகள் தெரியாது என்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்று படம் கடைசி வரை தீர்ப்புச் சொல்வதில்லை. அகலத் திரையின் இரு ஓரங்களும் எப்போதும் இருண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் வடிகட்டிக் கண்ணாடிகளின் ஓரத்தில் கையாலேயே வண்ணம் தீட்டிப் பயன்படுத்தினார். ஆகவே அதைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். படம் தொடங்கும்போது சிறிது நேரம் திரையில் எதுவும் தெரியாமல் இருட்டாகவே இருக்கும். கோளாறு என்று நினைத்து ஓட்டிவிடாதீர்கள், குழந்தையின் பாட்டு அந்த இருட்டில்தான் தொடங்குகிறது.